லீஃப் ப்ளோயர் வாங்கலாமா, எப்படி யூஸ் பண்றது? பெங்களூர்ல தோட்டம் வச்சிருக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

எங்க வீடு சி.வி.ராமன் நகர் பக்கம், 40க்கு 60 அடி சைட், முன்னாடி கொஞ்சம் புல்தரை, காம்பவுண்டுக்கு வெளிய ரெண்டு புங்கமரம், தெருமுனைல ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். பிப்ரவரி வந்துட்டா காலைல கூட்டி முடிச்சு காபி குடிச்சுட்டு திரும்பிப் பாத்தா கூட்டின எடமே தெரியாது. காத்த ஊதி இலைய தள்ற இந்த ப்ளோயர அஞ்சு வருஷமா வச்சிருக்கேன், முதல்ல ஒரு சின்ன கரண்ட் மெஷின், இப்ப பேட்டரி மெஷின், நடுவுல எங்க லேஅவுட் பார்க்குக்கு ஒரு பெட்ரோல் மெஷின் வாங்கி மாலிக்கு, அதாவது தோட்டக்காரருக்கு, கத்துக்குடுத்ததும் நான்தான். சொந்தக்காரங்க, ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ், மேல் வீட்டு அங்கிள் வரைக்கும் எல்லாரும் திருப்பித் திருப்பி ஒரே கேள்விகளத்தான் கேக்கறாங்க, அதனால மொத்தமா எழுதி வச்சுடறேன்.

எங்க வீட்டுக்கு இது தேவையா?

உங்க வீடு 30க்கு 40 சைட்டா, முன்னாடி போர்ட்டிகோவும் பத்து தொட்டியும்தான்னா தேவையே இல்ல, ஒரு நல்ல தென்னந்தொடப்பம் போதும், பத்து நிமிஷ வேலை. வழவழன்னு இருக்கற சிமெண்ட் தரைல தொடப்பத்த அடிச்சுக்க எந்த மெஷினும் கிடையாது, நான் இன்னிக்கும் போர்ட்டிகோவ தொடப்பத்துலதான் கூட்டறேன்.

ப்ளோயர் எங்க உதவும்னா தொடப்பம் தடுக்கற எடத்துல. புல்தரை, கூழாங்கல் போட்ட பாத்தி, பேவர் ப்ளாக் சந்து, செடி வேலிக்கு அடில, கிரில் கேட்டோட தண்டவாளம், மொட்டை மாடில சோலார் பேனல் ஸ்டாண்டுக்கு கீழ. அதுலயும் தூங்குமூஞ்சி மரத்து இலை இருக்கு பாருங்க, அது ரொம்ப சின்னச் சின்னதா உதிரும், புல்லுக்குள்ள போய் உக்காந்துக்கும், தொடப்பத்தால கூட்டினா புல்லுதான் பிஞ்சு வரும் இலை வராது. அந்த மாதிரி மரம் வாசல்ல இருந்து புல்தரையும் இருந்தா கண்டிப்பா வாங்கலாம். முதுகுவலி, முட்டிவலி இருக்கறவங்களுக்கும் குனியாம நின்னுக்கிட்டே வேலை முடியும், எங்கப்பாவுக்காகத்தான் நான் முதல்ல வாங்கினதே.

ப்ளோயர் இலைய உறிஞ்சி எடுத்துடுமா?

இல்ல. வாங்கறதுக்கு முன்னாடி இத மனசுல போட்டுக்கோங்க, ப்ளோயர் குப்பைய எடுக்காது, ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு தள்ளும், அவ்ளோதான். எங்க தள்றீங்கங்கறதுதான் முழு விஷயமும்.

நான் இத கத்துக்கிட்டது எங்க தெருவ கூட்ட வர்ற பௌரகார்மிக அக்காகிட்ட. மெஷின் வாங்கின புதுசுல ஆறரை மணிக்கு உள்ள இருக்கற இலை எல்லாத்தையும் கேட்ட திறந்து ரோட்டுக்கு ஊதிட்டு உள்ள வந்துடுவேன். ஒரு வாரம் பாத்துட்டு அவங்க வந்து, "சார், நீங்க அஞ்சு நிமிஷத்துல ஊதிட்டுப் போயிடறீங்க, அத நான் அரை மணி நேரம் கூட்டறேன்"னாங்க. கோவமா கூட சொல்லல. எனக்கு அன்னிக்கு பூரா மனசே சரியில்ல. அவங்களுக்கு எங்க ஒரு தெரு மட்டும் இல்ல, எத்தனையோ தெரு இருக்கு, என் மெஷின் என்னோட வேலைய தூக்கி அவங்க தலைல வச்சிருக்கு.

ரோட்டுக்குப் போற இலை அங்கயே நிக்கறதும் இல்ல, ஒரு மழை பெஞ்சா நேரா மோரிக்குள்ள போகும், மோரி வாய் அடைச்சுக்கும், அப்புறம் ரோட்டுல முழங்கால் தண்ணி. ஏப்ரல், மே மாசத்துல அடிக்கற கோடை மழைக்கே நம்ம ஊர் எப்படி ஆகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால உள்நோக்கி ஊதுங்க, காம்பவுண்டுக்குள்ள ஒரு மூலைல குவிங்க, அங்க இருந்து அள்ளுங்க. கீழ வர்ற எல்லா பதிலும் இத வச்சுத்தான்.

சிஎஃப்எம், எம்பிஹெச்னு பாக்ஸ்ல போட்டிருக்கே, எத பாக்கறது?

சிஎஃப்எம்னா ஒரு நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்து வெளிய வருதுங்கறது. எம்பிஹெச் இல்லன்னா மணிக்கு கிலோமீட்டர்னா அந்த காத்து என்ன வேகத்துல வருதுங்கறது. சில கம்பெனி கன மீட்டர்ல போடுவாங்க, அத 35ஆல பெருக்கினா ஏறக்குறைய சிஎஃப்எம் வந்துடும், நிமிஷத்துக்கு 3.5 கன மீட்டர்னா 120 சிஎஃப்எம் சொச்சம்.

தோட்டத்துக்கு தண்ணி விடும்போது பைப் வாயில விரல வச்சு அமுக்கினா தண்ணி சீறிக்கிட்டு தூரமா போகும், ஆனா பக்கெட் அதனால சீக்கிரம் நிறையாது. வேகம்னா அது. காத்தோட அளவு முக்கியமா வேகம் முக்கியமான்னா, காஞ்ச இலைய கூட்டம் கூட்டமா தள்ள அளவு வேணும், சந்துல ஒட்டிக்கிட்ட ஈர இலைய, மண்ணைக் கிளப்ப வேகம் வேணும். விளம்பரத்துல எப்பவும் வேகத்தத்தான் பெருசா போடுவாங்க, ஏன்னா குழாய் வாய சின்னதாக்கினாலே அந்த நம்பர் ஏறிடும், சிஎஃப்எம் அப்படி ஏறாது. அதனால கண்ணு முதல்ல சிஎஃப்எம் மேல போகட்டும்.

சில நல்ல மெஷின்ல நியூட்டன் கணக்குல தள்ளற சக்திய போடுவாங்க, அது இருந்தா அத பாத்து கம்பேர் பண்ணுங்க, ஏன்னா அதுல அளவு வேகம் ரெண்டுமே அடங்கிடும். கையில புடிக்கறது பெரும்பாலும் 8ல இருந்து 15 நியூட்டன் வரைக்கும், முதுகுல மாட்டற பெரிய பெட்ரோல் மெஷின் 30ஐ தாண்டும்.

ஆன்லைன்ல ஆயிரத்து சொச்சத்துக்கு ஏர் ப்ளோயர் கிடைக்குதே, அது போதாதா?

இங்கதான் நெறைய பேர் ஏமாறாங்க, நானும் முதல்ல அதத்தான் வாங்கினேன். அது ஒர்க்‌ஷாப் ப்ளோயர், கம்ப்யூட்டர், ஏசி ஃபில்டர், பைக் இஞ்சின்ல தூசி தட்ற மெஷின். வாய் சின்னது, காத்து கூரா வரும், ஆனா அளவு கம்மி. அதுலயும் குழாய் ஒரு சாண்தான் இருக்கும், இலைய தள்ளணும்னா குனிஞ்சே நிக்கணும், அப்ப முதுகுவலிக்காக வாங்கினதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும். நான் அத வச்சு புல்தரைய சுத்தம் பண்ண முக்கால் மணி நேரம் ஆச்சு, எட்டாவது மாசம் கருகின வாசனை வந்து மோட்டார் நின்னு போச்சு. அந்த மெஷின தொடர்ந்து அரை மணி நேரம் ஓட்டவே கூடாது, அதுக்கு அப்படி டிசைன் கிடையாது, தப்பு என்னோடதுதான்.

ஆனா கிரில், ஜன்னல் மெஷ், சின்ன பால்கனி, பைக் துடைக்கறது இதுக்கெல்லாம் அது நல்லாவே இருக்கும். அபார்ட்மெண்ட் பால்கனில செடி வச்சிருக்கறவங்களுக்கு அதுக்கு மேல தேவைப்படாது, ஆனா பால்கனில இருந்து கீழ் வீட்டுக்கு ஊதிடாதீங்க.

கரண்ட், பேட்டரி, பெட்ரோல், எது நல்லது?

வீட்டுக்கு பேட்டரி, பட்ஜெட் கம்மின்னா கரண்ட், பெரிய பார்க், காலேஜ் கேம்பஸ், பண்ணை வீடு மாதிரி எடத்துக்கு மட்டும் பெட்ரோல்.

கரண்ட் மெஷின் விலை கம்மி, எடை கம்மி, எத்தன நேரம் வேணும்னாலும் கரண்ட் வரும். வயர்தான் தொல்லை, ரோஜாச் செடில மாட்டிக்கும், தொட்டிய கவுக்கும். நீங்க கரண்ட் மெஷின் வாங்கினா பின்னாடி வயர் தொங்கற எடத்துல ஒரு கொக்கி இருக்கான்னு பாருங்க, எக்ஸ்டென்ஷன் வயர அதுல ஒரு சுத்து சுத்தி விட்டா ப்ளக் அடிக்கடி கழண்டு வராது.

பெட்ரோல் மெஷின பத்தி நான் கொஞ்சம் கண்டிப்பாவே பேசுவேன். அதுல பாதிக்கு மேல டூ ஸ்ட்ரோக் இஞ்சின், ஆயிலும் பெட்ரோலும் கலந்து எரியறது, அதுல கொஞ்சம் எரியாமலேயே புகையா வெளிய வரும். கலிஃபோர்னியா ஏர் ரிசோர்சஸ் போர்டு போட்ட கணக்குப்படி பெரிய பெட்ரோல் ப்ளோயர ஒரு மணி நேரம் ஓட்டினா வர்ற புகைமூட்ட மாசு, ஒரு கார 1,100 மைல் ஓட்டினா வர்றதுக்கு சமம். அதனாலதான் அங்க 2024ல இருந்து இந்த மாதிரி சின்ன பெட்ரோல் இஞ்சின் புதுசா விக்க தடை போட்டாங்க, வாஷிங்டன் டிசில 2022லயே பெட்ரோல் ப்ளோயர தடை பண்ணியாச்சு. 30க்கு 40, 40க்கு 60 வீடு ஒட்டி ஒட்டி இருக்கற நம்ம தெருவுல அந்த புகை நேரா பக்கத்து வீட்டு சமையல்கட்டு ஜன்னலுக்குத்தான் போகும். ரெண்டு ஏக்கர் பார்க்குக்கு வேணும்னா சரி, ஒரு வீட்டுக்கு அது வேண்டாம், நான் யார் கேட்டாலும் வேண்டாம்னுதான் சொல்வேன்.

பேட்டரி மெஷின் எத்தன நேரம் ஓடும்? கடைக்காரர் ஒரு மணி நேரம்னாரே?

கடைக்காரர் சொல்றது லோ ஸ்பீட்ல. நீங்களே கணக்கு போட்டுக்கலாம், ரொம்ப ஈசி. வோல்ட்ட ஆம்பியர் அவரால பெருக்குங்க, 18 வோல்ட் 4 ஆம்பியர் அவர்னா 72 வாட் அவர். மெஷின் ஃபுல் ஸ்பீட்ல 300 வாட் இழுத்தா 14 நிமிஷம். அதே மெஷின்ல 2 ஆம்பியர் அவர் பேட்டரி போட்டா 7 நிமிஷம்தான், வேலைய ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். எங்க வீட்டுக்கு 4 ஆம்பியர் அவர் பேட்டரி ஒண்ணு சரியா போதும், இலை கொட்டற சீசன்ல ரெண்டாவது தேவைப்படும்.

இன்னொண்ணு, 20 வோல்ட் மெஷின் 18 வோல்ட விட பவர் ஜாஸ்தின்னு நினைக்காதீங்க. ரெண்டுலயும் உள்ள அஞ்சு லித்தியம் செல்தான் இருக்கு, ஒவ்வொண்ணும் 3.6 வோல்ட்னா 18, ஃபுல் சார்ஜ் பண்ண உடனே அளந்தா 20க்கு மேல காட்டும், அந்த நம்பர பாக்ஸ்ல போடறாங்க.

விலை ரொம்ப கம்மியா இருந்தா உள்ள பேட்டரி இருக்கான்னு கேளுங்க. சோலோன்னோ பேர் டூல்னோ போட்டிருந்தா வெறும் மெஷின் மட்டும்தான், பேட்டரி சார்ஜர் தனியா வாங்கினா மெஷின் விலைக்கே வந்துடும். வீட்டுல ஏற்கனவே பேட்டரி ட்ரில் இருந்தா அதே கம்பெனி, அதே சீரிஸ் ப்ளோயரா வாங்குங்க, பேட்டரி காசு மிச்சம். மோட்டார் ப்ரஷ்லெஸ்ஸா இருந்தா கொஞ்சம் விலை ஜாஸ்தி, ஆனா அதே பேட்டரில கூட நேரம் ஓடும், மோட்டாருக்குள்ள உரசித் தேயற கார்பன் ப்ரஷ்ஷ மாத்தற வேலையும் இல்ல.

எங்க வாங்கறது?

கரண்ட் மெஷின், ஸ்பேர் எல்லாத்துக்கும் நம்ம ஊர் எஸ்.பி. ரோடு கடைத்தெருவுக்கு போங்க, கையில தூக்கிப் பாத்து, ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கலாம். ஒரு கையில புடிச்சு அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க, ரெண்டு கிலோ அப்ப ஒண்ணும் தெரியாது, இருபதாவது நிமிஷம் மணிக்கட்டு சொல்லும். கார்பன் ப்ரஷ் தனியா கிடைக்குமான்னு அங்கயே கேட்டுக்கோங்க, கிடைக்கலன்னா அந்த மாடல விட்டுடுங்க. ஆன்லைன்ல வாங்கினா நம்ம ஊர்ல சர்வீஸ் சென்டர் இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வாங்குங்க.

சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடலாமா?

டிவிக்கு வச்சிருக்கற மெல்லிசு வயர் பாக்ஸ்ல போடாதீங்க. 800 வாட் மெஷின்னா மூணரை ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் ப்ளக் தாங்கும், ஆனா வயர் நீளமா மெல்லிசா இருந்தா வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். 1.5 ஸ்கொயர் எம்எம் வயர் போட்ட எக்ஸ்டென்ஷன் வாங்குங்க, உருளைல சுத்தினதா இருந்தா முழுசா பிரிச்சு விட்டுட்டு ஓட்டுங்க, சுத்தினபடியே ஓட்டினா உள்ள சூடு தங்கி வயர் உருகிடும்.

வீட்டு மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற ஸ்விட்ச்) இருக்கான்னு பாத்துக்கோங்க, பழைய வீடுகள்ல நெறைய எடத்துல கிடையாது, அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், ப்ளோயர் வாங்காட்டியும் அத போடுங்க. ஈரப் புல்லுல கரண்ட் மெஷின ஓட்டவே கூடாது, ரப்பர் செருப்பு போட்டிருக்கேன்னு தைரியம் வேண்டாம்.

எந்த மாசத்துல அதிகம் தேவைப்படும்?

பெங்களூர்ல வருஷம் பூரா எதாவது ஒரு மரம் எதாவது கொட்டிக்கிட்டே இருக்கும், அது இந்த ஊரோட அழகு. 1908ல லால்பாக்குக்கு வந்த ஜெர்மன்காரர் கிரும்பிகல், ஒண்ணு பூத்து முடிஞ்சா அடுத்தது பூக்கற மாதிரி மரங்கள தேர்ந்தெடுத்து தெருத்தெருவா வைக்க வச்சார். அப்புறம் 1980கள்ல ஃபாரஸ்ட் ஆபீசர் நெகின்ஹால் தலைமைல 15 லட்சம் மரம் நட்டாங்க, இன்னிக்கு நம்ம லேஅவுட்ல எல்லாம் நிக்கற பல மரம் அப்ப நட்டதுதான். அத நினைச்சா கூட்டற அலுப்பு கொஞ்சம் குறையும்.

நம்ம வேலைக் கணக்குக்கு வந்தா, ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் புங்கம், மஹாகனி, தூங்குமூஞ்சி எல்லாம் இலைய உதிர்க்கும், அதுதான் உச்சம். டபேபுயா ரோஸ் பூவும் அப்பத்தான். மார்ச் ஏப்ரல்ல காப்பர்பாட் மஞ்சள் பூ, ஏப்ரல் மே குல்மோஹர். பாதாம் மரம் வச்சிருக்கறவங்களுக்கு வருஷத்துல ரெண்டு தடவ, பெரிய பெரிய செவப்பு இலை, ஆனா அதுக்கு மெஷினே வேண்டாம், கையாலயே பொறுக்கிடலாம். பூ மட்டும் கொட்டி இருந்தா ரெண்டு நாள் அப்படியே விட்டுடுங்களேன், நான் விட்டுடுவேன்.

எப்படி யூஸ் பண்றது? ஆன் பண்ணி ஊதினா இலை மூஞ்சிக்கே வருதே?

காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்காம ஆரம்பிச்சதால. கொஞ்சம் காஞ்ச புல்ல கிள்ளி மேல தூக்கிப் போட்டுப் பாருங்க, அது போற பக்கம்தான் நீங்களும் ஊதணும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் நம்ம ஊர்ல மேற்கத்திக் காத்து பலமா அடிக்கும், அப்ப மேற்கு மூலைல ஆரம்பிச்சு கிழக்க குவிக்கணும். எங்க வீட்டுல அந்த மூணு மாசத்துக்கு குவிக்கற மூலையவே மாத்திடுவேன்.

குழாய் வாய தரைல இருந்து ஒரு சாண் உயரத்துல, தரைக்கு கிட்டத்தட்ட படுக்கையா வச்சு, அரிவாளால புல் அறுக்கற மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசிக்கிட்டே மெதுவா முன்னாடி போங்க. நேரா கீழ பாத்து ஊதினா இலை நாலா பக்கமும் சிதறும், மண்ணும் கிளம்பும். சுவர் ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுக்கு வாங்க. ஃபுல் ஸ்பீட் எல்லா எடத்துக்கும் வேண்டாம், பாத்தி பக்கத்துல பாதி ஸ்பீட்தான், இல்லன்னா மேல் மண்ணும் கூழாங்கல்லும் பறக்கும், பக்கத்துல கார் நின்னா கண்ணாடில கல் பட்டுடும்.

குவிக்கற மூலைல முதல்லயே ஒரு தார்ப்பாய விரிச்சு வச்சுடுங்க, இலை எல்லாம் அதுக்கு மேல வந்து சேரட்டும். முடிஞ்ச உடனே நாலு மூலையையும் புடிச்சு இழுத்துட்டுப் போயிடலாம். இத கண்டுபுடிக்கறதுக்கு முன்னாடி வரைக்கும் முறத்துல அள்ளி அள்ளி கோணிப்பைல போட்டுக்கிட்டு இருந்தேன், ஊதற நேரத்த விட அள்ளற நேரம் ஜாஸ்தி ஆச்சு. குவியல் பெருசாயிட்டா அதுக்கு மேல ஊதி தள்ள முயற்சி பண்ணாதீங்க, காத்து மேல பட்டு தெறிக்கும், வாரியால (ரேக்) இழுங்க, மெஷினும் வாரியும் சேந்துதான் வேலை.

நேரம்னா பனி காஞ்ச அப்புறம், ஒன்பது பத்து மணி வாக்குல. மழை பெஞ்ச மறுநாள் இலை தரையோட ஒட்டி இருக்கும், பாதி நாள் வெயில் பட விடுங்க.

எந்த நேரத்துல ஓட்டலாம்? பக்கத்து வீட்டுல சண்டைக்கு வராங்க.

வரத்தான் செய்வாங்க, அந்த சத்தம் அப்படி. 2000ல வந்த சத்த மாசு விதிகள்படி வீடுகள் இருக்கற ஏரியால காலை 6ல இருந்து ராத்திரி 10 வரைக்கும் 55 டெசிபல், ராத்திரில 45. ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட்ட சுத்தி 100 மீட்டர் சைலன்ஸ் ஸோன்னு அறிவிச்சிருந்தா இன்னும் கம்மி, பகல்ல 50தான். 6 மணின்னு சட்டத்துல இருக்கேன்னு ஞாயித்துக்கிழமை 6 மணிக்கு ஓட்டாதீங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு தூங்கறவங்க, கைக்குழந்த இருக்கற வீடு, பரீட்சைக்கு படிக்கற பிள்ளைங்க, நம்ம ஊர்ல எல்லா தெருவுலயும் உண்டு.

நான் பக்கத்து ரெண்டு வீட்டுலயும் நேரா போய்க் கேட்டேன், எந்த நேரம் உங்களுக்கு சௌகர்யம்னு. பின் வீட்டு ஆன்ட்டி, "காலைல பத்து மணிக்கு ஓட்டு கண்ணா, ஆனா வடாம் காயப் போட்ட நாள்ல மட்டும் சொல்லிட்டு ஓட்டு"ன்னாங்க. ஏன்னா அதுக்கு முந்தின மாசம் நான் கிளப்பின தூசி அவங்க மாடில காஞ்ச வடாம் மேல பூரா படிஞ்சிருக்கு, ஒரு வார்த்தை சொல்லாம மொத்தத்தையும் தூக்கிப் போட்டிருக்காங்க. கேட்டப்ப ரொம்ப கஷ்டமா இருந்துது. அதுல இருந்து மாடில துணி, வத்தல் எதாவது காயுதான்னு பாத்துட்டுத்தான் ஸ்விட்ச தொடறேன்.

கண்ணாடி, மாஸ்க் எல்லாம் போடணுமா?

போடணும். கண்ணுக்கு பக்கவாட்டும் மூடற கண்ணாடி, காதுக்கு இயர் ப்ளக், மூக்குக்கு என்95. காது விஷயத்துல அமெரிக்காவோட நியோஷ்ங்கற தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் சொல்ற கணக்கு, 85 டெசிபல்னா நாளைக்கு 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படின்னா 94 டெசிபல்ல ஒரு மணி நேரம்தான். தினமும் நாலு மணி நேரம் பெட்ரோல் மெஷின் ஓட்டற மாலிக்கு காது போறது நிச்சயம். அசோசியேஷன்ல மெஷின் வாங்க காசு ஒதுக்கறாங்க, இயர் மஃப் வாங்கணும்னா அடுத்த மீட்டிங்ல பேசலாம்ங்கறாங்க. மெஷின் வாங்கற அதே பில்லுல கண்ணாடி, இயர் மஃப், மாஸ்க், கையுறை எல்லாத்தையும் சேத்து வாங்கிடுங்க, மாலி கேக்க மாட்டார், நாமதான் வாங்கிக் குடுக்கணும்.

புறா எச்சம் காஞ்சு கிடக்கற எடத்துல ப்ளோயர் போடவே போடாதீங்க. அந்தத் தூள் நுரையீரலுக்குள்ள போனா அலர்ஜி, இன்ஃபெக்‌ஷன் எல்லாம் வரும், வீசிங் இருக்கறவங்களுக்கு ரொம்ப ஆபத்து. தண்ணி தெளிச்சு நனைச்சு, மாஸ்க் போட்டுக்கிட்டு சுரண்டி எடுக்கணும். அதே மாதிரி காலி சைட்டுல வெள்ளப் பூ பூத்து நிக்குமே பார்த்தீனியம், காங்கிரஸ் செடிம்பாங்க, அதுக்கு பக்கத்துலயும் ஊதாதீங்க, ஆஸ்துமா இருக்கறவங்க வீடு பக்கத்துல இருக்கும்.

வேக்யூம், ஷ்ரெடர் சேந்த த்ரீ இன் ஒன் மெஷின் நல்லதா?

நினைக்கறதுக்கு நல்லா இருக்கும். இலைய உறிஞ்சி உள்ள இருக்கற ஃபேனே நறுக்கி பைல போட்டுடும், உரம் போடறவங்களுக்கு நறுக்கின இலை தங்கம். ஆனா நம்ம தோட்டத்துல இலையோட கல்லு, கொட்டாங்குச்சி துண்டு, குல்மோஹர் காய் எல்லாம் சேந்துதான் கிடக்கும். குல்மோஹர் காய் ஒரு முழம் நீளம், கட்டை மாதிரி இருக்கும், ப்ளாஸ்டிக் ஃபேன்னா பல் உடைஞ்சுடும். உலோக ஃபேன் இருக்கற மாடல்னா வாங்கலாம், அதுவும் காஞ்ச இலைக்கு மட்டும், ஈர இலை குழாய்ல அடைச்சுக்கும்.

குவிச்ச இலைய என்ன பண்றது, எரிச்சுடலாமா?

எரிக்கவே கூடாது. 2016 டிசம்பர்ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளில குப்பை எரிக்கறத நாடு பூரா தடை பண்ணி, சாதாரணமா எரிச்சா 5,000, பெரிய அளவுல எரிச்சா 25,000 ரூபாய் அபராதம்னு உத்தரவு போட்டிருக்கு. அபராதத்த விடுங்க, காலைல வாக்கிங் போற வயசானவங்க மூச்சுல போற புகை அது.

எங்க வீட்டுல கோழி வலைய மூணடி அகலத்துக்கு வட்டமா வளைச்சுக் கட்டி மூலைல நிறுத்தி இருக்கேன். ஒரு அடி இலை, அதுக்கு மேல கொஞ்சம் தண்ணி, ஒரு சொம்பு புளிச்ச மோர் இல்லன்னா சாணிக் கரைசல், மறுபடியும் இலை. புழிஞ்ச துணி மாதிரி ஈரம் இருக்கணும், சொட்டக் கூடாது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ கிளறி விடணும். புங்கம், தூங்குமூஞ்சி ரெண்டும் அவரைக் குடும்பத்து மரம், இலைல தழைச்சத்து ஜாஸ்தி, சீக்கிரம் மக்கும். மாவிலை, சில்வர் ஓக் தடிப்பா இருக்கும், அது ரொம்ப நாள் எடுக்கும், தனியா போடுங்க. எடம் இல்லன்னா கோணிப்பைல போட்டு தோட்டக் குப்பைன்னு தனியா குடுங்க, கிச்சன் ஈரக் குப்பையோட கலக்காதீங்க.

இன்னொண்ணு, எல்லா இலையையும் எடுக்கணும்னே அவசியம் இல்ல. மாமரத்தடி, செம்பருத்தி அடி, வாழை அடி எல்லாம் நாலு விரக்கடை கனத்துக்கு இலை கிடக்கட்டும், மார்ச் வெயில்ல மண் காயாம இருக்கும், மண்புழு வரும், மைனா வந்து கிளறும். தண்டுல ஒட்டாம கொஞ்சம் தள்ளி இருந்தா போதும். நடைபாதை, புல்தரை, தண்ணி போற வழி, இந்த மூணு எடத்துல மட்டும் ஊதினா பேட்டரியும் மிச்சம்.

பார்க்குக்கு பெட்ரோல் மெஷின் வாங்கியாச்சு, எப்படி பாத்துக்கறது?

டூ ஸ்ட்ரோக்னா மேனுவல்ல 50க்கு 1ன்னு இருந்தா லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 25க்கு 1ன்னா 40 மில்லி. பைக்குக்கு ஊத்தற இஞ்சின் ஆயில ஊத்திடாதீங்க, டூ ஸ்ட்ரோக் ஆயில்னு தனியா இருக்கு. வெறும் பெட்ரோல் ஊத்தி ஓட்டினா கொஞ்ச நேரத்துலயே பிஸ்டன் புடிச்சுக்கும், அதனால கலந்த கேன்ல பெரிய எழுத்துல எழுதி ஒட்டி வைங்க, எங்க பார்க்ல தமிழ்லயும் கன்னடத்துலயும் எழுதி ஒட்டினோம்.

இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பல மெஷின் மேனுவல்ல 10 சதவீதம் வரைக்கும்தான் அனுமதி, அதனால வாங்கும்போதே டீலர்கிட்ட கேட்டுக்கோங்க. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், மாசக்கணக்குல டேங்க்ல நின்னா கார்புரேட்டர் அடைச்சுக்கும். மழைக்காலத்துல ஓட்டலன்னா டேங்க காலி பண்ணி, மிச்சம் தீர்ற வரைக்கும் ஓடவிட்டு நிறுத்திட்டு வைங்க. சூடா இருக்கும்போது பெட்ரோல் ஊத்த வேண்டாம், பத்து நிமிஷம் ஆறட்டும்.

பேட்டரி, கரண்ட் மெஷினுக்கு பராமரிப்பு எதாவது உண்டா?

பெருசா ஒண்ணும் இல்ல. காத்து உள்ள போற ஜல்லடைல இலை ஒட்டி இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஆஃப் பண்ணி, ப்ளக்க புடுங்கிட்டு அத துடைச்சு விடுங்க, அது அடைச்சா மோட்டார் சூடாகும். கரண்ட் மெஷின்ல பொறி ஜாஸ்தியா பறந்தா இல்ல விட்டு விட்டு ஓடினா கார்பன் ப்ரஷ் தேஞ்சிருக்கும், ரெண்டு ஸ்க்ரூ கழட்டி நீங்களே மாத்தலாம், எஸ்.பி. ரோட்டுல ஜோடி கிடைக்கும், பழசக் கையில எடுத்துட்டுப் போங்க, அளவு பாத்துத் தருவாங்க. பேட்டரிய ஃபுல் சார்ஜ்ல மாசக்கணக்கா வைக்காதீங்க, பாதி சார்ஜ்ல, வெயில் படாத அலமாரில வைங்க. கார் டிக்கில வேண்டவே வேண்டாம்.